இரவு முழுதும் குழந்தை தூங்குவது என்றால் என்ன?

பத்து மாதக் குழந்தை இரவில் மூன்று நான்கு முறை எழுந்து அழுகிறது என்று ஒரு தாய் சொன்னால், கேட்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பால் போதவில்லை என்பார் ஒருவர்; கண் பட்டிருக்கிறது, சுற்றிப் போடு என்பார் இன்னொருவர்; பகலில் தூங்கவிட்டால் இரவில் எப்படித் தூங்கும் என்று மூன்றாமவர் கேட்பார். தம் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே விடியும்வரை அசையாமல் தூங்கியதாகச் சொல்பவரும் கூட்டத்தில் ஒருவர் இருப்பார். இந்த ஆலோசனைகள் அனைத்துக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: நன்றாகத் தூங்கும் குழந்தை நடுவில் விழிக்காது, விழிக்கிறது என்றால் ஏதோ கோளாறு. இந்த நம்பிக்கை தவறானது. அது எங்கே பிழைபடுகிறது என்பது விளங்கிவிட்டால், எதைச் செய்தால் பயன் உண்டு, எது வீண் என்பதைப் பெற்றோரே பெருமளவு முடிவு செய்துகொள்ளலாம். இக்கட்டுரை ஆறு மாதத்திலிருந்து ஏறத்தாழ மூன்று வயது வரையுள்ள, உடல்நலமுள்ள குழந்தைகளைப் பற்றியது. அதற்கும் இளைய கைக்குழந்தைகளைப் பற்றித் தேவைப்படும் இடத்தில் மட்டும் பேசுகிறது.

## விழிப்பு எல்லோருக்கும் உண்டு

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவுப் பேருந்தில் போகும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் வண்டி நிற்கும் இடங்களிலெல்லாம் அவருக்கு இலேசாக விழிப்புத் தட்டும். காலடியில் வைத்த பை காலில் படுகிறதா என்று அரைக்கண்ணோடு பார்த்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடுவார். காலையில் கேட்டால், ஏறியதும் தூங்கினேன், வடசேரி வந்துதான் விழித்தேன் என்பார். நடுவில் விழித்தது அவர் நினைவிலேயே இருக்காது. அதே ஆள் நள்ளிரவில் கண் திறக்கும்போது பை காலில் தட்டுப்படவில்லை என்றால், எழுந்து விளக்கைப் போடச் சொல்லி நடத்துநரைக் கூப்பிடுவார். பை கிடைக்கும்வரை அவருக்குத் தூக்கம் வராது. வண்டி நின்றது இரண்டு சமயங்களிலும் ஒன்றுதான். வேறுபாடு பையில் இருக்கிறது.

உறக்கமும் இப்படி நின்று நின்று போகும் பயணம்தான். ஆழ்ந்த உறக்கம், இலேசான உறக்கம், கனவு காணும் உறக்கம் என்று மூளை ஒரு வரிசையில் சென்று, முடிவில் விழிப்பின் விளிம்புவரை வந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்கு உறக்கச் சுழற்சி என்று பெயர். பெரியவர்களுக்கு ஒரு சுழற்சி ஏறத்தாழ 90 நிமிடம். குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் 50 முதல் 60 நிமிடம்தான். எனவே பத்து மணி நேரம் தூங்கும் ஒரு குழந்தை, விழிப்பின் விளிம்பை நம்மைவிட அடிக்கடி தொட்டுவிட்டுத் திரும்புகிறது.

இது ஊகம் அன்று. அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் தாமஸ் ஆண்டர்ஸ் 1970களில் குழந்தைகளின் வீடுகளிலேயே காணொளிக் கருவி வைத்து, அவர்கள் தூங்குவதை இரவு முழுதும் பதிவு செய்தார். இரவு முழுதும் தூங்குகிறது என்று பெற்றோர் நம்பிய குழந்தைகளும் அந்தப் பதிவுகளில் விழித்தன. சுற்றிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் மறுபடி தூங்கின. மற்றக் குழந்தைகள் விழித்ததும் அழுது பெற்றோரை அழைத்தன.

சுருங்கச் சொன்னால், எல்லாக் குழந்தைகளும் இரவில் பலமுறை விழிக்கின்றன. அவற்றுள் சில தாமாகவே மீண்டும் தூங்கிவிடுகின்றன, சிலவற்றுக்கு அது இன்னும் கைவரவில்லை. நாம் உதவ வேண்டியது விழிப்பைத் தடுப்பதற்கு அன்று, விழித்த பின் தானே தூங்கிப்போவதற்கு.

## எந்த வயதில், எத்தனை மணி நேரம்

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நான்கு மாதம் முதல் பதினொரு மாதம் வரை ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரமும், ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை. இவை பகல் தூக்கத்தையும் சேர்த்த கணக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இடைவிடாத உறக்கத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு இதைவிடக் குழப்பமானது. லண்டனில் மூர், உக்கோ என்ற இரு ஆய்வாளர்கள் 1957இல் வெளியிட்ட ஆய்வில், நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை தொந்தரவில்லாமல் இருக்கும் குழந்தையையே உறக்கம் நிலைப்பட்ட குழந்தையாகக் கொண்டார்கள். ஐந்து மணி நேரம், அவ்வளவுதான். நம் வீடுகளில் எட்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கனடாவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு மாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினரும், ஒரு வயதில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினரும் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்குவதில்லை என்று கண்டது. அந்தக் குழந்தைகளின் வளர்ச்சியில் குறையேதும் தென்படவில்லை என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. ஒரு வயதுப் பிள்ளை இரவில் ஒருமுறை எழுவது பெற்றோருக்குக் களைப்பைத் தரும், அது நோயாகாது.

## தூக்கத்தை வரவழைக்கும் இரண்டு விசைகள்

படுக்க வைத்தவுடன் தூக்கம் வருவதும் வராததும் இரண்டு விசைகளைப் பொறுத்தது. இவ்விரண்டையும் இணைத்து விளக்கும் கோட்பாட்டை 1982இல் சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். இன்றும் உறக்க அறிவியலின் அடித்தளம் அதுவே.

முதலாவது உறக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூங்க வேண்டும் என்ற தேவை உடலில் சேர்ந்துகொண்டே போவதை இது குறிக்கிறது. மூளை உழைக்கும்போது மிச்சமாகும் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தூங்கும்போது அது கரைந்துவிடுகிறது. குழந்தைகளுக்கு இந்த அழுத்தம் பெரியவர்களைவிட விரைவாக ஏறிவிடுவதால்தான் அவர்களுக்குப் பகல் தூக்கம் தேவைப்படுகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை மாலை ஐந்து மணிக்குத் தூங்கி ஆறரைக்கு எழுந்தால், எட்டு மணிக்கு அதனிடம் போதுமான அழுத்தம் இருக்காது. அதற்காகப் பகல் தூக்கத்தையே நிறுத்திவிடுவது சரியன்று. அளவுக்கு மீறிக் களைத்த சிறு குழந்தை அமைதியாகத் தூங்காமல், எரிச்சலும் ஆட்டமுமாக மாறி, படுக்க வைக்கவே பெரும்பாடு ஆகிவிடும். மதியத் தூக்கம் மூன்று, மூன்றரை மணிக்குள் முடியும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது உடல் கடிகாரம். மூளைக்குள், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு சிறு நரம்புத் தொகுப்பு, 24 மணி நேர ஒழுங்கில் உடலை இயக்குகிறது. அதற்கு நேரம் சொல்வது வெளிச்சம். இருட்டத் தொடங்கியதும் மெலட்டோனின் என்ற இயக்குநீர் சுரந்து, இரவு வந்துவிட்டது என்ற செய்தியை உடலெங்கும் கொண்டுசெல்கிறது. பிறந்த குழந்தைக்கு இந்த ஒழுங்கு கிடையாது. இரண்டு மூன்று மாதங்களில்தான் அது உருவாகத் தொடங்குகிறது. கைக்குழந்தை இரவையும் பகலையும் ஒன்றாகப் பாவிப்பதற்குக் காரணம் இதுவே. அந்த வயதில் எந்தப் பயிற்சிக்கும் பொருளில்லை.

இந்தக் கடிகாரத்தை நாம் அறியாமலே பின்னுக்குத் தள்ளிவிடுகிறோம். ஒன்பது மணிக்கு அப்பா வேலையிலிருந்து வருகிறார், குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறார், கூடத்தில் குழல்விளக்கு எரிகிறது, தொலைக்காட்சியில் தொடர் ஓடுகிறது. குழந்தையின் உடலுக்கு அது இன்னும் மாலைதான். பத்தரைக்குத் தூங்கும் பழக்கம் வந்துவிட்ட குழந்தையை ஒரு நாள் திடீரென எட்டு மணிக்குப் படுக்க வைத்தால் அது ஒரு மணி நேரம் புரண்டு அழும். வழக்கமான உறக்க வேளைக்குச் சற்று முன்புள்ள நேரத்தில்தான் உடல் கடிகாரம் நம்மை மிகவும் விழிப்பாக வைத்திருக்கிறது. நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டுமானால், காலையில் எழுப்பும் நேரத்தை முதலில் ஒழுங்குபடுத்தி, காலை வெயில் படும்படி வெளியே கொண்டுசென்று, படுக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் என்று நகர்த்துவதே நடைமுறைக்கு ஏற்றது.

எட்டு மணிதான் சரி என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்தியா உட்பட 17 நாடுகளிலும் பகுதிகளிலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி 2010இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக ஏழரை மணி அளவில் படுத்தார்கள். ஹாங்காங் குழந்தைகள் பத்தே கால் மணி அளவில் படுத்தார்கள். குடும்பம் ஒன்பதரைக்குத்தான் அடங்கும் என்றால், ஒன்பதரையையே நாள்தோறும் மாறாமல் கடைப்பிடிப்பது, ஒரு நாள் எட்டு, மறுநாள் பதினொன்று என்று அலைவதைவிட நல்லது.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால், போதிய உறக்க அழுத்தமும் உடல் கடிகாரத்தின் சம்மதமும் ஒரே வேளையில் கூடும்போது குழந்தை எளிதில் தூங்கத் தொடங்குகிறது. தொடங்கியதைத் தொடர்வது வேறு கதை.

## தூளியும் மடியும்

நம் வீடுகளில் குழந்தையைத் தூங்க வைப்பதற்குப் பழகிய வழி தூளி. பாட்டியின் பழைய நூல்புடவையை உத்திரத்தில் கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, கீரை ஆய்ந்தபடியே ஆட்டுவார்கள். குழந்தை ஆட்டத்திலேயே கண் செருகும். அரை மணி கழித்து, தூளி விரிந்துவிடாமல் இரு கையாலும் அள்ளி, மூச்சை அடக்கிக்கொண்டு பாயில் இறக்குவார்கள். குழந்தை பாயில் தூங்கும். ஒரு மணி நேரம் கழிந்ததும் வீறிட்டு அழும்.

பேருந்துப் பயணியின் பை இங்கே தூளியின் ஆட்டம். சுழற்சி முடிந்து விழிப்பின் விளிம்புக்கு வரும் குழந்தை, தூங்கத் தொடங்கியபோது இருந்த நிலைமை இன்னும் அப்படியே இருக்கிறதா என்று உணர்கிறது. ஆட்டம் இல்லை, புடவை உடலைச் சுற்றியில்லை, முதுகுக்குக் கீழே தட்டையான ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்கு உண்மையிலேயே ஏதோ மாறிவிட்டது, அழுவது நியாயம்தான். தூக்கம் தொடங்கும் வேளையில் எது உடனிருக்கிறதோ, அதையே மூளை தூக்கத்தோடு முடிச்சுப்போட்டுக்கொள்கிறது. இதை உறக்கத் துணை என்று சொல்லலாம். தூளி, தோளில் போட்டு நடப்பது, நீட்டிய காலில் கிடத்தி ஆட்டுவது, வாயில் மார்பகமோ பால்புட்டியோ இருப்பது, தாயின் முந்தானை, விரல் சூப்புவது ஆகிய எல்லாமே உறக்கத் துணைகள்தாம். இவற்றுள் விரலும் முந்தானைத் துணியும் நள்ளிரவிலும் குழந்தையின் கைக்கு எட்டும். மற்றவற்றை யாராவது எழுந்து வந்து செய்தாக வேண்டும்.

தூளியோ மடியோ கெட்ட பழக்கம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குழந்தை இரவில் ஒருமுறை எழுகிறது, ஐந்து நிமிடம் பால் குடித்துத் தூங்கிவிடுகிறது, அம்மாவுக்கும் அது பாரமில்லை என்றால், மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. மணிக்கு ஒருமுறை எழுந்து ஆட்ட வேண்டியிருக்கிறது, பகலில் தாயால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்னும் நிலையில்தான் இந்த முடிச்சை அவிழ்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எட்டு, ஒன்பது மாத வாக்கில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையும் திடீரென அடிக்கடி எழும். கண்ணில் படாத அம்மா வேறெங்கோ இருக்கிறாள் என்பது அந்த வயதில்தான் அதற்குப் புரியத் தொடங்குகிறது, தேட ஆரம்பிக்கிறது. பிடித்துக்கொண்டு நிற்கக் கற்ற குழந்தை நள்ளிரவில் எழுந்து நின்றுவிட்டு, உட்காரத் தெரியாமல் அழுவதும் உண்டு. இவை தாமாகவே கடந்துபோகும்.

## மாற்றுவது எப்படி

படுக்கும் முன் செய்யும் காரியங்களுக்கு ஒரு வரிசை வைப்பதுதான் தொடக்கம். முகம் கால் கழுவி, உடை மாற்றி, பால் கொடுத்து, பெரிய விளக்கை அணைத்து, ஒரே தாலாட்டைப் பாடிப் படுக்க வைப்பது என அரை மணிக்குள் முடியும் எந்த வரிசையும் சரி. நாள்தோறும் மாறாமல் இருப்பதே முக்கியம். இரண்டு வாரம் இப்படிச் செய்த குடும்பங்களில் குழந்தைகள் விரைவாகத் தூங்கியதையும் இரவு விழிப்பு குறைந்ததையும் 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இதில் ஒரு சிறு மாற்றம் பெரும் பயன் தரும்: பால் கொடுப்பதை வரிசையின் கடைசியிலிருந்து நடுவுக்கு நகர்த்திவிட்டால், குடிப்பதும் தூங்குவதும் ஒன்றாக ஒட்டியிருப்பது தளரும். பல் முளைத்த குழந்தை வாயில் பால்புட்டியோடு தூங்கினால் பல் சொத்தையாகும் என்பதற்காகவும் இதைச் செய்யலாம்.

அடுத்தது முடிச்சை அவிழ்ப்பது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபெர்பர் என்ற மருத்துவர் 1980களில் பரப்பிய முறையில், குழந்தையை விழித்த நிலையில் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறி, அழுதால் முதலில் சில நிமிடம், பிறகு இன்னும் சற்று அதிக நேரம் என்று இடைவெளி விட்டு வந்து ஆறுதல் சொல்வார்கள். குழந்தையை அழவிட்டுக் கைவிடுவது என்று இதைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 43 குழந்தைகளை வைத்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையால் மன அழுத்த இயக்குநீர் கூடவில்லை, ஓராண்டுக்குப் பின் பெற்றோருடனான பிணைப்பிலும் வேறுபாடு இல்லை. மெல்போர்னில் 326 குழந்தைகளை ஆறு வயது வரை பின்தொடர்ந்து 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு, இத்தகைய முறைகளால் நெடுங்காலத் தீங்கும் இல்லை, நெடுங்கால நன்மையும் இல்லை என்று கண்டது. முதல் ஆய்வு சிறியது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அச்சுறுத்தும் பேச்சுகளுக்கு ஆதாரம் இல்லை என்பது தெளிவு.

என் கருத்தில், அந்த முறை நம் வீடுகளுக்குப் பொருந்துவது கடினம். குழந்தைக்கென்று தனி அறை இல்லை. ஒரே அறையில் தாத்தா பாட்டியும் படுத்திருப்பார்கள். இரண்டாம் நிமிடத்திலேயே யாராவது தூக்கிவிடுவார்கள். உடனிருந்தபடியே உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நமக்கு ஏற்றது. தூளியில் ஆட்டித் தூங்க வைப்பவர்கள், முதல் சில நாட்கள் கண் செருகும் தறுவாயில் ஆட்டத்தை நிறுத்தலாம். பிறகு தூளியில் அமைதிப்படுத்திவிட்டு, விழிப்பு மிச்சமிருக்கும்போதே பாயில் கிடத்தித் தட்டிக்கொடுக்கலாம். அடுத்த கட்டத்தில் தட்டாமல் கையை மட்டும் நெஞ்சின் மேல் வைத்திருக்கலாம். கடைசியில் பக்கத்தில் படுத்திருந்தால் மட்டும் போதும் என்ற நிலை வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நான்கு நாள் ஆகலாம், அழுகையும் இருக்கும். நள்ளிரவில் விழிக்கும்போதும் அன்றைய கட்டத்தில் என்ன உதவியோ அதையே செய்ய வேண்டும். விளக்கைப் போடுவதும், பேச்சுக் கொடுப்பதும், கைபேசியில் பாட்டு வைப்பதும் அந்நேரத்தில் கூடாது.

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். இரண்டு நாள் உறுதியாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, அரை மணி நேர அழுகைக்குப் பின் தூளியில் போட்டுவிடுகிறார்கள். குழந்தை அதிலிருந்து கற்பது, ஐந்து நிமிட அழுகை போதாது, அரை மணி நேரம் அழ வேண்டும் என்பதையே. அழுகை குறையத் தொடங்குவதற்கு முன் ஓரிரு நாள் கூடவும் செய்யும். ஆகவே வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரையிலும், காய்ச்சல், பயணம், புது வீடு ஆகியவற்றுக்கு நடுவிலும் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

இரவுப் பாலை நிறுத்துவது தனியான கேள்வி. ஆறு மாதத்துக்குப் பிறகும் சில குழந்தைகளுக்கு இரவில் ஒன்றிரண்டு முறை பசி உண்மையாகவே எடுக்கும். எடை சரியாக ஏறுகிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பகல் உணவைக் கூட்டி, பிறகு மெதுவாகக் குறைக்கலாம்.

## கூழ், தேன், கசகசா

படுக்கும் முன் கெட்டியாக ஊட்டினால் குழந்தை விடியும்வரை தூங்கும் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. அமெரிக்காவில் 1989இல் இதைச் சோதித்தார்கள். படுக்கும் முன் அரிசிக் கூழ் கொடுத்த குழந்தைகளும் கொடுக்காத குழந்தைகளும் ஒரேபோல்தான் தூங்கின. விழிப்பு சுழற்சியின் விளைவு என்றால், நிறைந்த வயிறு அதை எப்படித் தடுக்கும்?

கூழினால் பெரிய தீங்கில்லை. வேறு சில வழக்கங்கள் ஆபத்தானவை. ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். கசகசாவை அரைத்துப் பாலில் கொடுப்பதால் வரும் தூக்கம், அபினி தரும் செடியின் விதையில் ஒட்டியிருக்கும் மயக்கப் பொருளால் வருவது. அது மூச்சையே மட்டுப்படுத்தலாம். சளிக்குக் கொடுத்த மருந்தில் குழந்தை நன்றாகத் தூங்கியது என்பதற்காக அதையே தூக்கத்துக்கென்று கொடுப்பதும் அதே வகை.

இரண்டு மூன்று வயதில், படுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குழந்தை திடீரென அலறுவதும், கண் திறந்திருந்தும் அம்மாவை அடையாளம் தெரியாமல் திமிறுவதும் உண்டு. அது ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி மட்டும் விழித்த நிலை. எழுப்ப முயலாமல், அடிபடாதபடி பார்த்துக்கொண்டால், சில நிமிடங்களில் தானே அடங்கித் தூங்கிவிடும், காலையில் நினைவிருக்காது. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டதும் குழந்தை அடங்கியதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. உப்பைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்தச் சில நிமிடங்கள் கழிந்திருக்கும்.

## படுக்கை பாதுகாப்பானதாக இருக்க

நன்றாகத் தூங்க வேண்டும் என்ற ஆசையில் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாது. ஒரு வயது வரை குழந்தையை மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும். அமுங்காத படுக்கை வேண்டும். தலையணை, தலை வடிவத்துக்கென்று விற்கும் திண்டு, தடித்த போர்வை எதுவும் அருகில் இருக்கக் கூடாது. தூளியில் கைக்குழந்தையின் தாடை நெஞ்சில் மடங்கி மூச்சு தடைபடலாம். வளர்ந்த குழந்தைக்குப் புடவை கழுத்தில் முறுக்கிக்கொள்ளலாம். எனவே ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தூளி, தூங்கிய பின் தட்டையான படுக்கை. கைக்குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவதையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். புகை பிடித்தவரோ மது அருந்தியவரோ அயர்த்தும் மருந்து எடுத்தவரோ குழந்தையோடு ஒரே படுக்கையில் படுப்பது ஒருபோதும் கூடாது.

## மருத்துவரிடம் எப்போது

மேலே சொன்னவை எல்லாம் உடல்நலமுள்ள குழந்தைக்குப் பொருந்துபவை. பெரும்பாலான இரவுகளில் குறட்டை விடுவது, வாயால் மூச்சு விடுவது, மூச்சு சற்று நின்று திணறித் தொடர்வது ஆகியவை மூக்குக்குப் பின்னாலுள்ள சதை வளர்ச்சியையோ தொண்டையின் இருபுறமும் பெரிதான டான்சில் சதையையோ காட்டலாம். நிமிர்ந்திருக்கும்போது சும்மா இருந்து படுக்க வைத்ததும் அழுவது காதுவலியாக இருக்கலாம். இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு எழும் குழந்தைக்குக் கீரிப்பூச்சி இருக்கலாம். அந்தப் புழு முட்டையிட வெளியே வருவது இரவில்தான். தோல் அரிப்பு, ஓயாமல் காலை உதறுவது, எடை ஏறாமல் நிற்பது ஆகியவற்றையும் பழக்கம் என்று தள்ளிவிடாமல் காட்ட வேண்டும். குறட்டையும் மூச்சுத் திணறலும் பகலில் மருத்துவர் பார்க்கும்போது இருக்காது. குழந்தை தூங்கும்போது நெஞ்சும் வாயும் தெரியும்படி இரண்டு நிமிடம் கைபேசியில் எடுத்துக்கொண்டு போனால், அரை மணி நேர விளக்கத்தைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.